துண்டுக்குள் கட்டிய பாலம்

மெம்பர் மொக்கைச்சாமி இருபது வருஷம் பொதுவாழ்வில் இருந்தார். அந்த இருபது வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் யாருக்கும் முடியாது என்று சொன்னதில்லை. பள்ளிக்கூடம் கேட்டு வந்தவர்களுக்கு ஆகட்டும் என்றார். கிணறு கேட்டு வந்தவர்களுக்கும் ஆகட்டும் என்றார். ஒரே இடத்தில் சத்திரம் வேண்டும் என்று ஒரு கூட்டமும், அங்கே சத்திரமே கூடாது என்று இன்னொரு கூட்டமும் ஒரே காலையில் வந்து நின்றபோது, இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆகட்டும் சொல்லி அனுப்பினார். இரு தரப்பும் அவர் வீட்டு மோரைக் குடித்துவிட்டுத் திருப்தியோடு போனார்கள்.

ஐம்பது பேருக்கு மேல் கூடிய இடத்தில் சொன்ன ஆகட்டும் என்றால் அதற்கு ஓர் அடிக்கல்லும் உண்டு. ஆரம்பத்தில் அது சாதாரண அளவுக் கல்தான். யூனியன் போர்டிலிருந்து தாலூகா போர்டு, அங்கிருந்து ஜில்லா போர்டு என்று அவர் ஏற ஏற, பட்டங்களைப் பொறிக்க இடம் போதாமல் கல்லும் வளர்ந்தது. கடைசிக் காலத்துக் கற்கள் ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம். பெரியகுளம் தாலூகாவில் அப்படிப் பன்னிரண்டு கற்கள் நின்றன. அவற்றின் பக்கத்தில் வேறொன்றும் நிற்கவில்லை.

1934-இல் சர்க்கார் தாலூகா போர்டுகளைக் கலைத்தது. மொக்கைச்சாமி உடனே அவசரக் கூட்டம் கூட்டி, தாலூகா போர்டு கலைக்கப்பட்டதைக் கண்டித்து, கலைக்கப்பட்ட அதே தாலூகா போர்டில் தீர்மானம் நிறைவேற்றினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மற்ற மெம்பர்கள் யாரும் வரவில்லை.

இதெல்லாம் பிற்பாடு வந்த பெருமை. அதற்கு முன்னால் அவர் தேனிச் சந்தையில் மாட்டுத் தரகர். அவர் மெம்பர் ஆன பிறகும் அவருடைய தம்பிகள் இருவர் அங்கே கயிறு பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். மாட்டுத் தரகில் விலையை வாயால் பேசமாட்டார்கள். இருவர் கையையும் ஒரு துண்டு மூடியிருக்கும். உள்ளே விரல்கள் பேசும். வெளியே வாய், மாட்டின் சுழியைப் பற்றியோ மழையைப் பற்றியோ என்ன பொய்யை வேண்டுமானாலும் சொல்லிக்கொண்டிருக்கலாம். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் துண்டுக்குள் கொடுத்த விரலை மாற்றினான் என்று ஒருவனுக்குப் பெயர் வந்துவிட்டால், மறு வாரம் அவன் பிடித்த கயிற்றை எட்டிப் பார்க்க ஆள் வராது. அவனுக்கு மட்டுமல்ல, அவன் குடும்பத்துக்கே சந்தை அத்தோடு முடிந்தது.

மொக்கைச்சாமி அரசியலுக்கு வந்தபோது அந்த வாயைக் கொண்டுவந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

சருகுப்பட்டியில் சங்கிலி என்று ஒரு பாரவண்டிக்காரன் இருந்தான். ஊருக்கும் தேனி ரோட்டுக்கும் நடுவே ஓர் ஓடை. பத்து மாதம் அது மணல். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மட்டும் அது ஆறு. 1933 ஐப்பசியில் கடலைக்காய் மூட்டையோடு இறங்கியபோது அவனுடைய மயிலைக் காளை குழியில் காலை விட்டு முறித்துக்கொண்டது. அவன் பெண்டாட்டி பாண்டியம்மாள் காதில் கிடந்த தண்டட்டியைக் கழற்றிக் கொடுத்துத்தான் மறு காளை வந்தது.

"இந்த மாட்டுக்கும் ஒண்ணு ஆச்சுன்னா, கழட்டுறதுக்கு என் காதுல ஒண்ணுமில்ல" என்றாள் பாண்டியம்மாள். "வண்டியை வித்துப்புட்டு மலைக்கு எஸ்டேட்டு வேலைக்குத்தான் போகணும். நீரு மூட்டை தூக்கும், நான் கொழுந்து பறிக்கேன்."

அடுத்த ஐப்பசிக்குள் ஒரு சின்னப் பாலம். சங்கிலிக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவன் மனு எழுதிக் கொடுத்தான். முதல் மனு முத்திரை வில்லை ஒட்டவில்லை என்று திரும்பி வந்தது. இரண்டாவது மனு வில்லையோடு போனது. அது போய்ச் சேருவதற்குள் தாலூகா போர்டே இல்லை. மூன்றாவது மனுவை ஜில்லா போர்டுக்கு எழுதி, மதுரைக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தான். நான்கு மாதம் கழித்துப் போய் விசாரித்தபோது குமாஸ்தா மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக் கேட்டார்.

"அப்படி ஒரு மனு வரலையே. கொடுத்ததுக்கு ரசீது இருக்கா?"

"ரசீதை யாருங்கய்யா தரணும்?"

"நாங்கதான் தரணும்."

"நீங்க தரலீங்களே."

"தரலை பார், அதனாலதான் மனு வரலைங்கிறேன்."

சங்கிலி ஊர் திரும்பும் வழியெல்லாம் இதைத் திருப்பித் திருப்பி யோசித்தான். எங்கே ஓட்டை என்று பிடிபடவில்லை. சரக்கைக் கொடுத்தால் ரசீது வாங்க வேண்டும், இனிமேல் ரசீது இல்லாமல் சர்க்காருக்கு ஒரு துண்டுத்தாளும் கொடுப்பதில்லை என்பது மட்டும் மனதில் நின்றது.

இப்படியே மேலும் இரண்டு ஐப்பசி போயிற்று. 1936 ஆவணியில் ஜில்லா போர்டுத் தேர்தல் வந்தது. எழுத்துத் தெரியாதவர்களுக்காக ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி. மொக்கைச்சாமிக்குச் சிவப்பு. அவரை எதிர்த்து நின்ற சண்முகராஜுக்குப் பச்சை. சண்முகராஜ் தேனியில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்தார். கடையில் சீமைத் துணியும் உடம்பில் கதரும் என்று இரண்டையும் கலக்காமல் ஒழுங்காக வைத்திருந்தவர்.

சண்முகராஜ் ஊருக்கு வந்து, சுயராஜ்யம் வந்தால் பாலம் தானாக வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் மொக்கைச்சாமி ஓடைக்கரையில் நின்று பேசினார்.

"இந்த ஓடையை நான் மறக்கல. போன தேர்தலுக்கும் இங்கனதான் நின்னு பேசுனேன், அப்பவும் பாலம் இல்ல. அதுக்கு முந்தின தேர்தலுக்கும் வந்தேன், அப்பவும் இல்ல. இப்பவும் இல்ல. இதுலயிருந்து என்ன தெரியுது? மொக்கைச்சாமி மாறாதவன்னு தெரியுது. நாளைக்கே பாலத்தைக் கட்டிப்புடலாம். கட்டிட்டா நான் எந்த முகாந்திரத்துல இங்கன வர்றது? உங்களை விட்டுப் பிரிய எனக்கு மனசு வரல. அதனால செவப்புப் பெட்டியை ஞாபகம் வச்சுக்கங்க. உங்க குறையெல்லாம் அதுல போடுங்க. எம்புட்டு இருந்தாலும் நானே உக்காந்து தொறந்து பாப்பேன்."

ஊர் கைதட்டியது. சங்கிலி தட்டவில்லை. பக்கத்தில் நின்ற ஒச்சாண்டியின் தோளைத் தொட்டான்.

"கேட்டியா, தொறந்து பாப்பேன்னாக."

"தொறக்காமயா? அவுக பொழப்பே அதுக்குள்ளதானே இருக்கு."

"அதைத்தாம்லே சொல்றேன். ஆபீஸ் பெட்டியில போட்ட மனுவை எவனும் எடுக்கல. இந்தப் பெட்டிக்கு மட்டும் போலீசு காவல். சாயங்காலமே வண்டியில ஏத்திக் கொண்டுபோயி, விடிஞ்சதும் அதிகாரி, மெம்பரு அம்புட்டுப் பேரும் சுத்தி உக்காந்து, ஒவ்வொரு தாளா விரிச்சுப் பாக்காக. இதை விட்டா வேற பெட்டி ஏது?"

ஒச்சாண்டிக்கும் அது நியாயமாகவே பட்டது.

சருகுப்பட்டியில் தீர்வை கட்டி ஓட்டுரிமை பெற்றவர்கள் பத்தொன்பது பேர். பத்தொன்பது பேரும் ஆளுக்கொரு பாலம் மனுவை மடித்து மடியில் வைத்துக்கொண்டு தேனிக்கு நடந்தார்கள். அங்கே ஓட்டுச்சாவடியில் ஓர் உத்தியோகஸ்தர் பெயரைக் கேட்டு, நோட்டில் குறித்து, நம்பர் போட்டு முத்திரை குத்திய ஒரு சீட்டைச் சங்கிலி கையில் கொடுத்தார்.

சங்கிலி சீட்டைப் பார்த்தான். நம்பர் இருந்தது. சர்க்கார் முத்திரை இருந்தது. மதுரைக்கு இரண்டு தரம் அலைந்தும் கிடைக்காதது, இங்கே கேட்காமலே, மனுவைக் கொடுப்பதற்கு முன்னாலேயே கிடைத்துவிட்டது. அவன் உத்தியோகஸ்தரைக் கும்பிட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் போனான். சிவப்புப் பெட்டியில் மனுவைப் போட்டான். ரசீதைப் பத்திரமாக மடியில் முடிந்துகொண்டு வெளியே வந்தான். பின்னால் வந்த பதினெட்டுப் பேரிடமும், "ரசீது குடுக்காக, தொலைச்சுப்புடாதீக" என்றான்.

பெரியகுளம் தாலூகா கச்சேரியில் ஓட்டு எண்ணியவர் டிப்டி தாசில்தார் சங்கரலிங்கம். பச்சைப் பெட்டியில் 615. சிவப்புப் பெட்டியில் 604, பாலம் கேட்டுப் பத்தொன்பது மனு, மஞ்சள் தடவிய ஒரு காலணா. கொடுத்த ஓட்டுச்சீட்டில் பத்தொன்பது குறைந்தது.

மொக்கைச்சாமி எழுந்தார். இருபது வருஷத்தில் ஒரு மனுவை அவர் முழுசாகப் படித்தது அன்றைக்குத்தான். பத்தொன்பதையும் படித்தார்.

"ஐயா, இதுக அம்புட்டும் எனக்கு விழுந்த ஓட்டு. என்கிட்டத்தான் கேட்டிருக்காக, அந்தா அவர்கிட்டக் கேக்கல. நம்பிக்கை இருக்கவன்கிட்டத்தானே மனுசன் கேப்பான்."

"நம்பிக்கையா?" என்றார் சண்முகராஜ். "நீரு செஞ்சிருந்தா எதுக்கய்யா கேக்கப் போறான்? இது பத்தொன்பதும் உம்ம மேல எழுதுன பிராது. எதிர் ஓட்டா எண்ணி எனக்குச் சேர்க்கணும்."

டிப்டி தாசில்தார் சங்கரலிங்கம் பதறிப்போனார். "மனுவை ஓட்டா எண்ண முடியாது. இன்னைக்கு மனுவை ஓட்டா எண்ணினா, நாளைக்கு ஓட்டுப் போட்டவன் எல்லாம் தன்னை மனுப் போட்டவனா நினைச்சுப்பான். பதில் எங்கேன்னு கேப்பான். சர்க்கார் அதைத் தாங்காது." அவர் எல்லாவற்றையும் உறையிலிட்டு அரக்கு வைத்தார். "காணாமல் போன சீட்டுகளைப் பற்றிப் பதிமூன்றாம் நாள் சப் கலெக்டர் துரை விசாரிப்பார். சீட்டு வைத்திருப்பவர்கள் கொண்டுவந்தால் யாருக்குச் சேர்ப்பது என்று அவர் முடிவு செய்வார்."

இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் சருகுப்பட்டிக்கு வண்டி பூட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சண்முகராஜ் முந்திக்கொண்டார். சீட்டுகளை அடுப்பில் போட்டுவிட்டால் தேசத்துக்குச் செய்த சேவையாக இருக்கும் என்றார். "பாலத்துக்கு?" என்று சங்கிலி கேட்டான். அதற்கு ஒரு கமிட்டி அமைக்கப்படும் என்றார். சங்கிலி அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டான்.

மாலையில் மொக்கைச்சாமி வந்தார். தேர்தலுக்கு முன்பு "ஏலே சங்கிலி" என்று கூப்பிட்டவர், வண்டியை விட்டு இறங்கும்போதே, "சங்கிலியண்ணே இருக்காகளா?" என்றார்.

பாண்டியம்மாள் வாசலில் முறத்தை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "அண்ணன் உள்ளதான் இருக்காக. எப்பப் பொறந்த தம்பி நீங்க?"

மெம்பர் அதைக் காதில் வாங்காமல் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்தார். "அண்ணே, அந்தச் சீட்டுக பத்தொன்பதும் உங்க பேச்சுக்குத்தான் கட்டுப்படும்னு சொன்னாக."

"சீட்டு இல்லைங்க, ரசீது" என்றான் சங்கிலி. "வேலை முடிஞ்சா ரசீதைத் திருப்பித் தந்துருவோம்."

"பாலம்தானே? ஆகட்டும். நாளைக்கே அடிக்கல்..."

"கல்லைக் காட்டாதீகய்யா. வடுகபட்டியில நீங்க நட்ட கல்லு எங்க சின்னாத்தா வீட்டுக்கு எதுத்தாப்புலதான் கிடக்கு. நட்டு அஞ்சு வருசம் ஆச்சு. இன்னும் மொளைக்கல."

"சத்தியமாச் சொல்றேன், சங்கிலியண்ணே. சுருளித் தீர்த்தம் மேல..."

"வாயில வேண்டாம்." சங்கிலி நிதானமாக மெம்பரின் தோளிலிருந்த துண்டைக் காட்டினான். "அதுக்குள்ள சொல்லுங்க."

மொக்கைச்சாமி முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. இருபது வருஷமாக அந்தத் துண்டு தோளைவிட்டு இறங்கியதில்லை.

"அரசியல் பேச்சை எவனாவது துண்டுக்குள்ள பேசுவானா?"

"அரசியல் பேசலீங்க. யாவாரம் பேசுறேன்."

ஒச்சாண்டியும் இன்னும் நாலைந்து பேரும் வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். துண்டு இறங்கியது. அதற்கடியில் மெம்பரின் கை சங்கிலியின் கையைப் பிடித்தது. பழைய பழக்கத்தில் அவர் பணத்துக்கு ஐந்து விரலை அழுத்தினார். சங்கிலி அதை உதறினான்.

"பாலம்னு வாயில சொல்லியாச்சு. எத்தனை நாளுன்னு மட்டும் விரல்ல சொல்லுங்க. விசாரணைக்குப் பதிமூணு நாளு கிடக்கு."

மெம்பர் மழையைப் பற்றிப் பேசினார். ரயில் கட்டணம் ஏறியதைப் பற்றிப் பேசினார். கை வேர்த்தது. சங்கிலி விடவில்லை. கடைசியில் ஐந்து விரலையும் இரண்டு தரம் அழுத்தி, மேற்கொண்டு இரண்டு விரலையும் கொடுத்தார். பன்னிரண்டு நாள்.

துண்டை உதறித் தோளில் போட்டபோது அவர் முகம், தம்பிகள் இருவரையும் பணயம் வைத்துவிட்டு வந்தவன் முகம்போல் இருந்தது.

ஓடையின் குறுகலான இடத்தில் மூன்று கண் வைத்துச் சிறு பாலம் என்று திட்டமாயிற்று. கண் ஒன்றுக்கு நான்கு பலகைக்கல் வேண்டும். பன்னிரண்டு நாளில் மலையிலிருந்து கல் உடைத்து இறக்கிச் செதுக்க வழியில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டபின் மெம்பருக்குத் தன் சொந்தக் கற்கள் ஞாபகம் வந்தன. பள்ளிக்கூடத்துக் கல், சத்திரத்துக் கல், ஆஸ்பத்திரிக் கல், வாசகசாலைக் கல் என்று தாலூகா முழுக்க வண்டிகள் போய் ஒவ்வொன்றாகப் பெயர்த்துக்கொண்டு வந்தன. எந்த ஊரிலும் தடுக்கவில்லை. பண்ணைப்புரத்தில் மட்டும், போர்டு கடைசியில் வேலையை ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து வண்டிக்காரனுக்கு மாலை போட்டார்கள்.

வடுகபட்டிக் கல் மட்டும் வரவில்லை. அங்கே கருத்தம்மாள் என்பவள் அதைப் படுக்கப்போட்டுத் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கல்லின் மேலேயே உட்கார்ந்துகொண்டு சொல்லியனுப்பினாள்: "மெம்பரு ஊருக்குச் செஞ்ச நல்லது இது ஒண்ணுதான். இதையும் பிடுங்குனா எப்படி?"

ஆகவே பன்னிரண்டாம் நாள் பாலம் நின்றது, ஒரு கல் குறையாக. தேனி ரோட்டுப் பக்கத்துக் கண்ணில் ஒன்றரை அடிக்கு வெறும் வெளி. அந்த இடத்தில் ஒரு பனந்துண்டைப் போட்டிருந்தார்கள். ஆள் போகலாம், பாரவண்டி போகமுடியாது.

சங்கிலி எண்ணிப் பதினெட்டுச் சீட்டுகளைக் கொடுத்தான்.

"இன்னொண்ணு எங்கண்ணே?"

"இன்னொரு கல்லு எங்கய்யா?"

"ஒரு கல்லுதானே, பெறகு பாத்துக்கிடலாம்."

"ஒரு சீட்டுதானே, பெறகு பாத்துக்கிடலாம்."

மொக்கைச்சாமி பதினெட்டையும் எண்ணி வாங்கிக்கொண்டார். அது சந்தைக் கணக்கு.

விசாரணையில் சப் கலெக்டர் துரைக்கு முன்னால் பதினெட்டுச் சீட்டும் வைக்கப்பட்டன. மொழிபெயர்ப்பவர் சங்கிலியைக் கேட்டார்: "நீ யாருக்கு ஓட்டுப் போட்டாய்?"

"நான் ஓட்டுப் போடலீங்க. மனுப் போட்டேன். இது ரசீது."

"சர்க்கார் சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?"

"வேலை முடியுற வரைக்கும் வச்சிருந்தோங்க. இதுக்கு முன்னாடி ரசீது இல்லாததுனாலதான் மனு வரலேன்னுட்டாக."

துரை மொழிபெயர்ப்பை இரண்டு தரம் கேட்டார். பிறகு, பெட்டிக்கு வெளியே இருக்கும் சீட்டு ஓட்டு ஆகாது, பெட்டிக்குள் இருக்கும் மனு மனுவும் ஆகாது என்று தீர்ப்புச் சொன்னார். பதினொரு ஓட்டில் சண்முகராஜ் ஜெயித்தார். மனுக்கள் பத்தொன்பதும் தேர்தல் தஸ்தாவேஜு என்பதால் கஜானாவில் வைத்துப் பூட்டப்பட்டன. அந்த ஜில்லாவில் மனுக்களுக்கு அவ்வளவு மரியாதை அதற்கு முன்பு கிடைத்ததில்லை.

புது மெம்பர் சண்முகராஜ் முதல் காரியமாக, அனுமதியின்றிக் கட்டப்பட்ட சருகுப்பட்டிப் பாலத்தை இடிக்கச் சொன்னார். போர்டு ஓவர்சீயர் ரிஜிஸ்தரைப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு பாலமே இல்லாததால் அதை இடிக்க உத்தரவு போட வழியில்லை என்று பதில் எழுதினார். இடிக்க வேண்டுமானால் முதலில் கட்டப்பட்டதாகப் பதிய வேண்டும். பதிந்தார்கள். பதிந்த பிறகு, கணக்கில் இருக்கும் பாலத்தை எதற்கு இடிப்பது என்று சண்முகராஜுக்குத் தோன்றியது. திறப்புவிழா வைத்தார்.

புரட்டாசிக் கடைசி. மேற்கே மலை கறுத்துக் கிடந்தது. இன்னும் நாலு நாளில் ஓடை வந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். சங்கிலி கடலைக்காய் மூட்டைகளை ஏற்றி வண்டியைப் பாலத்தின் ஊர்ப்பக்கத்தில் நிறுத்தியிருந்தான். எதிர்க்கரையில், பனந்துண்டுக்குப் பக்கத்தில், சண்முகராஜ் பெயர் பொறித்த புதுக் கல் நின்றது. மொக்கைச்சாமியின் கற்களைவிட ஒரு விரற்கடையாவது பெரியதாக இருக்க வேண்டும் என்று சொல்லிச் செய்த கல்.

"முந்தின மெம்பர் இருபது வருசத்துல திறக்காத பாலம்" என்றார் சண்முகராஜ். "நான் வந்து இருபத்தஞ்சு நாளுல திறந்திருக்கேன். இதைக் கட்டுனது யாருன்னு இப்ப ஆராய்ச்சி வேண்டாம். கட்டுறவன் எவன் வேணா கட்டலாம். திறக்குறதுக்குத்தான் ஜனங்க ஆதரவு வேணும்."

கூட்டத்தின் பின்னால் மொக்கைச்சாமி இரண்டு தம்பிகளோடு நின்றார். ஒருவர் கையில் கடப்பாரை. பேச்சு முடிந்து மாலை விழும்வரை மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு முன்னால் வந்து புதுக் கல்லைச் சுற்றிப் பார்த்தார். முழம் போட்டு அளந்தார். "சரியா இருக்கும்" என்றார்.

தம்பிகள் நெம்பினார்கள்.

"யோவ், அது என் கல்லுய்யா" என்றார் சண்முகராஜ்.

"தெரியும் தம்பி. என் கல்லு பதினொண்ணு மேல ஏறி நின்னுதானே இம்புட்டு நேரம் பேசுனீக. நான் ஏதாச்சும் சொன்னேனா?"

"போர்டுக் கல்லை எடுக்க உமக்கு என்ன அதிகாரம்?"

"அதிகாரம் எனக்கேது, நான்தான் தோத்துட்டேனே. துண்டுக்குள்ள பன்னெண்டு நாளுன்னு குடுத்தேன். நாளு தாண்டியும் பாலத்துல ஒரு கல்லு குறையுது. நாளைக்கு என் தம்பிக சந்தையில நிக்கணும்."

கல் சரிந்தது. பனந்துண்டை உருட்டிவிட்டு அந்த இடத்தில் இறக்கினார்கள். ஒரு விரற்கடை மிஞ்சியது, கரையில் நன்றாக உட்கார்ந்துகொண்டது. பெயர் மேலே பார்த்துக் கிடந்தது.

சங்கிலி மாட்டைத் தட்டினான். வண்டி பதினொரு மொக்கைச்சாமி மேலும் ஒரு சண்முகராஜ் மேலும் ஏறி அக்கரைக்கு வந்தது. பாண்டியம்மாள் வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தாள். கடைசிக் கல்லைக் காலால் ஒரு மிதி மிதித்துப் பார்த்துவிட்டு, "ஆடல" என்றாள்.

சங்கிலி இறங்கி, மடியை அவிழ்த்து, பத்தொன்பதாவது சீட்டை மொக்கைச்சாமி கையில் கொடுத்தான். அது இனி எதற்கும் உதவாது என்று இருவருக்கும் தெரியும். மொக்கைச்சாமி அதை வாங்கி, நம்பரைப் பார்த்து, முத்திரையைப் பார்த்து, நாலாக மடித்து வைத்துக்கொண்டார்.

அவர் மறுபடி தேர்தலுக்கு நிற்கவில்லை. தேனிச் சந்தைக்கே திரும்பிவிட்டார். அடுத்த தேர்தலில் சண்முகராஜ் சருகுப்பட்டியில் மேடையேறி, ஊருக்கு ஆஸ்பத்திரி வரும் என்று ஆரம்பித்தபோது, பின்வரிசையிலிருந்து ஒச்சாண்டி, "இறங்கி வந்து துண்டை விரிங்க மெம்பரே" என்றான். மறுவாரம் பண்ணைப்புரத்திலும் அதையே கேட்டார்கள். வடுகபட்டியில் கருத்தம்மாள் கேட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் பக்கத்து அரசியல்வாதிகள் ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டார்கள். துண்டில்லாமல் ஒருவரும் மேடைக்கு வருவதில்லை. முழங்கால்வரை தொங்கும்படி நல்ல நீளமான துண்டாகவே போடுகிறார்கள். தோளில் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். எவ்வளவு வேர்த்தாலும் கீழே இறக்குவதில்லை.